ஓடிக்கொண்டிருந்த படகுக்கு ரத்து அறிவிப்பு

இங்வில் அன்று காலை தன் நிரலை ஓடவிட்டு, காப்பிக் கோப்பையும் கையுமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போவது போல் தெரிந்தது.

ஸ்கார்வோய் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கார்களையும் ஏற்றிப்போகும் படகு விடும் சின்ன நிறுவனம் அது. அதன் மின்னஞ்சல் முழுவதும் பல வருடங்களாக அலுவலகத்தின் நிலவறையில் இருந்த பழைய கணினியில்தான் கிடந்தது. அத்தனையையும் வெளியே வேறொரு நிறுவனத்தின் அஞ்சல் சர்வருக்கு மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் நேரடியாக ஒத்துப்போகவில்லை. அதனால், இங்கே எடுத்து அங்கே கொண்டுபோய் வைக்கும் வேலைக்கு இங்வில் ஜாவாவில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். வாரக்கணக்கில் சோதித்தும் பார்த்துவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. முதலில் பேசியவர் ஒரு வயதானவர்.

"இன்னைக்குப் படகு கிடையாதாமே, புயலாமே? என் பொண்டாட்டி வெளியில துணி காயப்போட்டுக்கிட்டிருக்கா. எந்தப் புயலைச் சொல்றீங்க?"

இங்வில் ஜன்னல் வழியே பார்த்தாள். மலைகளுக்கு நடுவே நுழைந்த அந்த ஃபியோர்டின் கடல்நீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பதில் சொல்வதற்குள் அடுத்த தொலைபேசியும் அடித்தது. மேலாளர் தூர்பியோன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"இங்வில், படகு அக்கரையிலேருந்து காலியாக் கிளம்பியிருக்கு. ஒரு கார்கூட ஏறலையாம். என்ன விஷயம்னு கேப்டன் என்னைக் கேக்குறார். நான் யாரைக் கேக்கட்டும்?"

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். தப்பு ஒரே வரிதான். சோதித்த நாட்களில் பழைய மெயில்களை அவள் புது சர்வர் வழியாக அனுப்பியிருந்தாள், ஆனால் பெறுநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு. எல்லாம் தன் பெட்டிக்கே வந்து சேர்ந்ததால், நிரல் நகல் எடுத்து வைக்கிறது என்றே நம்பிவிட்டாள். இன்று காலை முகவரி மாற்றும் அந்த வரியை எடுத்தாள். அனுப்பும் வரி அப்படியே இருந்துவிட்டது. நிறுவனம் இத்தனை வருடமாக யார் யாருக்கு என்ன எழுதியதோ, அதெல்லாம் மறுபடியும் அவரவர் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பழைய புயல்களும் பழைய ரத்துகளும் சேர்த்துத்தான். ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த பழைய தேதியை யார் பார்த்தார்கள்?

நிரலை நிறுத்தினாள்.

"நான்தான் அனுப்பிட்டேன்" என்றாள். "எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது. சூல்ஃப்ரிட் நின்றாள். படகின் இயந்திர அறையில் வேலை செய்யும் ஆர்ன்ஸ்டைனின் மனைவி. மீன் ஆலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலையில் வலைத்தொப்பி, இடுப்பில் ஈரமான ரப்பர் ஏப்ரன். கையில் செல்பேசி.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். குரல் மிகத் தணிவாக இருந்தது. "நீங்க எழுதின ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அப்படி யாரையும் கொண்டுவரலைங்கிறாங்க. கொண்டுவரலைன்னா என்ன அர்த்தம்? வழியிலேயே போயிட்டானா?"

இங்வில் அந்தச் செல்பேசியை வாங்கிப் பார்த்தாள். இயந்திர அறையில் விபத்து, ஹெலிகாப்டரில் கொண்டுபோகிறார்கள், தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை, உடனே வரவும். முந்தின குளிர்காலத்துக்கும் முந்தின குளிர்காலத்தில் நடந்தது. அப்போது கால் முறிந்த ஆர்ன்ஸ்டைன் தேறி, வேலைக்கும் திரும்பிவிட்டான்.

"சூல்ஃப்ரிட், இது பழைய மெயில். அவருக்கு ஒண்ணுமில்ல. தப்பு என்னுது."

சூல்ஃப்ரிட்டின் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. "என்கிட்ட மறைக்காதே" என்று மட்டும் சொன்னாள்.

தூர்பியோன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "கேப்டன், ஆர்ன்ஸ்டைனை மேலே கூப்பிடுங்க. உடனே."

கீழே இருந்து அவன் ஏறி வர வேண்டும். அதுவரை அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. தொலைபேசிகள் அடித்தன, யாரும் எடுக்கவுமில்லை. ஏப்ரனிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. இவ்வளவு நேரம் ஆகிறதே, நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால் என்று இங்வில்லுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது.

வயர்லெஸ் கரகரத்தது. "என்ன, ஆர்ன்ஸ்டைன்தான் பேசுறேன். கையெல்லாம் கிரீஸு. சீக்கிரம் சொல்லுங்க."

சூல்ஃப்ரிட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூர்பியோன் வயர்லெஸ்ஸை அவள் வாயருகே பிடித்தார்.

"ஆர்ன்ஸ்டைன்" என்றாள்.

"சூல்ஃப்ரிட்டா? நீ எங்க அங்க? வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டியா?"

அவள் சிரிப்பு போல ஏதோ ஆரம்பித்தாள். அது வேறு மாதிரி முடிந்தது. இங்வில் பக்கத்தில் மண்டியிட்டு, தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தாள்.

"தொடாதே" என்றாள் சூல்ஃப்ரிட். "அந்த மெயிலை அழி. என் கண்ணு முன்னாடி. உங்க பழைய மெஷின்ல, புது மெஷின்ல, எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம்."

எதையும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இங்வில்லின் வேலை. அவள் தூர்பியோனை ஏறிட்டாள்.

"விபத்து பத்தின அறிக்கை தனியா இருக்கு" என்றார் அவர். "இதை அழி. நான் போனை எடுக்கப் போறேன்."

சூல்ஃப்ரிட் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். இங்வில் அந்த மெயிலை இரண்டு இடத்திலும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு சூல்ஃப்ரிட் தன் செல்பேசியிலும் அழித்துவிட்டு, ஆலைக்குத் திரும்பாமல் படகுத்துறைக்கு இறங்கிப் போனாள்.

அன்று முழுவதும் இங்வில் தீவில் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் அழைத்துப் பேசினாள். திட்டியவர்கள் திட்டினார்கள். துணி காயப்போட்டவளின் கணவர் மட்டும், "அப்போ புயல் இல்ல" என்று உறுதிப்படுத்திக்கொண்டு வைத்துவிட்டார்.