மூன்று சுற்று நாடா

செவ்வாய், ஜூலை 14. இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். ஒரு சுற்றுப் போதுமான இடத்தில் மூன்று சுற்று நாடா ஒட்டிவிட்டேன்.

நாட்குறிப்பில் இதற்கு மேல் எழுத அவளுக்கு ஓடவில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததில் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பகலில் அவள் பார்சல் அலுவலகத்தில் பெட்டி ஒட்டுகிறவள். அவள் ஒட்டிய பெட்டி வழியில் வாய் பிளந்ததாகச் சரித்திரமே இல்லை. மாலையில் புகைப்பட வகுப்பு. மேல்வகுப்புக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முழுக் கிரகணத்தையும் அதன் கீழே கிடக்கும் நிலத்தையும் ஒரே படத்தில் பிடித்துவர வேண்டும், இல்லையென்றால் இந்த வகுப்போடு சரி என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அடுத்த கிரகணம் இந்தப் பக்கம் வரும்போது அவளுக்குப் பல் இருக்குமோ என்னவோ.

எனவே கிரகண நாளான இன்று மத்தியானமே ஏரிக்கு மேலே இருந்த பாறையில் வகுப்பு மொத்தமும் ஏறிவிட்டது. பள்ளி வேன் ஓட்டும் அவளுடைய அக்காதான் எல்லாரையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். கேமரா பொசுங்காமல் இருக்க லென்ஸின் முன்னால் ஒரு கறுப்பு வடிகட்டி. சூரியன் முழுக்க மூடியதும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் படத்தில் வெறும் இருட்டுத்தான். அந்த வடிகட்டியைத்தான் அவள் பெட்டி ஒட்டும் நாடாவால் சுற்றினாள். சுற்றிவிட்டு, பழக்கதோஷத்தில், கட்டைவிரலால் அழுத்தியும் தேய்த்தாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, கேமராவை யாருக்காச்சும் அனுப்பப் போறியா?"

"காத்துல விழுந்துட்டா என்ன பண்றது?"

"விழாது. கேமராவே விழுந்தாலும் அது விழாது."

வெளிச்சம் பழுப்பேறியது. பறவைகள் குழம்பிப்போய் மரத்துக்குத் திரும்பின. ஏரியின் அக்கரையிலிருந்து நிழல் ஓடிவந்து எல்லாரையும் விழுங்கியது. பாறை முழுக்க 'ஆ' என்று ஒரே வாய். வானத்தில் வெள்ளைத் தாடி வைத்த கறுப்பு ஓட்டை. சுற்றிலும் அடிவானம் எங்கும் ஒரே நேரத்தில் சாயங்காலம்.

அவள் வடிகட்டியை இழுத்தாள். வரவில்லை. நகத்தால் கீறினாள். நாடாவின் நுனி எங்கே என்றே தெரியவில்லை. நுனி தெரியாமல் ஒட்டுவதுதானே அவளுடைய தொழில் பெருமை. உடும்புப் பிடி. அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க விரல்கள் இன்னும் வழுக்கின. பக்கத்தில் நின்ற, கூடப் படிக்கும் ரொட்டிக்கடைக்காரர் தன் கேமராவை மறந்துவிட்டு, கத்தி இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவினார். அவர் பையில் கத்தி எதற்கு இருக்கப்போகிறது?

"தள்ளுடி," என்றாள் அக்கா. குனிந்து, லென்ஸைக் கரும்பு மாதிரி கடித்தாள். மூன்று சுற்றும் ஒரே இழுப்பில் உரிந்து வந்தன. வடிகட்டி புல்லில் உருண்டது. கேமராவின் முக்காலி ஒரு காலை மடக்கிக்கொண்டு சாய்ந்தது. சாய்கிற கேமராவைக் கட்டிப்பிடித்தபடி அவள் பொத்தானை அமுக்கினாள். எதையும் அளக்கவில்லை, எதையும் சரிபார்க்கவில்லை. மறுபடி அமுக்குவதற்குள் சூரியன் ஓரத்தில் பளீரென்று எட்டிப் பார்த்துவிட்டது.

தேறியது ஒரே படம். அதில் ஏரி, கொட்டப்போகிற தட்டுத் தண்ணீர் மாதிரி சரிந்திருந்தது. மேல் மூலையில் சூரியன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கீழே பாதி முகமாக அக்கா, வாயில் மீசைபோலத் தொங்கும் நாடாவோடு, வானத்தைப் பார்த்தபடி.

திரும்பும் வழியில் வேனில் அந்தக் கேமரா போகாத இருக்கையே இல்லை. சாய்வை மட்டும் நிமிர்த்திவிடலாம் என்றார் ரொட்டிக்கடைக்காரர். நிமிர்த்தினால் சூரியன் படத்துக்கு வெளியே போய்விடும். தன்னை வெட்டி எறியச் சொன்னாள் அக்கா. வெட்டினால் ஏரியும் கூடவே போகும், வாத்தியார் கேட்ட நிலம் அதுதான். வாத்தியார் முன் இருக்கையில் சிரிப்பில் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. எந்தப் படமானாலும் நாளை மாலைக்குள் மேஜைக்கு வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"இதைப் போய்க் குடுக்கிறதா?" என்று அவள் அக்காவிடம் முணுமுணுத்தாள்.

"உன்கிட்ட வேற இருக்கா?"

இல்லை. இருந்தாலும் இதைத்தான் கொடுப்போம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே புதிதாக இருந்தது. சரிதானா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தாள், அப்போதும் அப்படியேதான் தோன்றியது. இரவு, மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தாள்.

நாளை: வேலைக்குப் போகும் முன் அச்சுக்கடைக்குப் போக வேண்டும். நிமிர்த்தாமல், வெட்டாமல், பெரிய தாளில் ஒரு பிரதி.