மாமியார் தேர்ந்தெடுத்த டிரைவர்

அந்த மருத்துவமனையின் கணினி அறையில் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சண்டை வரும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்தே ஓய்ந்துபோனார்கள். மாமியாருக்கு ஆபீஸில் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைவைத்த எதுவும் படுத்ததில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

அன்றைக்குப் படுத்துவிட்டது!

வார்டு நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து குறிப்பெழுதும் மென்பொருளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை. இரண்டும் ஒன்றோடொன்று பேச நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன ஃபைல் வேண்டும். அதை நாமேதான் பார்த்துப் பொறுக்கி வைக்க வேண்டும். ரொம்பப் புதுசென்றால் மென்பொருள் ஏற்காது, ரொம்பப் பழசென்றால் டேட்டாபேஸ் உள்ளே விடாது. மாமியார் மூன்று நாள் உட்கார்ந்து, ஐந்து வெர்ஷனில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மகனுக்குப் பெண் பார்த்தபோதுகூட அவ்வளவு விசாரிக்கவில்லை. காலையில் நிறுவி ஓடவிட்டால், திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்து நிற்கிறது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பதினொண்ணுக்குள்ள வரலேன்னா பழைய டேட்டாபேஸுக்கே போயிடலாம் மேடம். இதை வெளிக் கம்பெனிக்காரங்க வந்து பார்க்கட்டும்."

இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேர் ஒரே காலையில் போய்விடுமா? மாமியார் பாஸ்வேர்டைப் பார்த்தார், வெர்ஷனைப் பார்த்தார், மறுபடி பாஸ்வேர்டையே பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மென்பொருள் கிளம்பும்போது தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் பதிவை மருமகள் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இங்க பாருங்க. இது எடுத்திருக்கிறது பழைய டிரைவரை."

"அதெப்படி? பழசுக்கு முன்னாடி 'வேண்டாம்'னு சேர்த்துப் பேரை மாத்தி வெச்சேனே!"

"பேர் மாறிச்சு, ஆனா அதே ஃபோல்டர்லதானே இருக்கு? இந்த மென்பொருள் பேரெல்லாம் பார்க்காது. அங்க எந்த டிரைவர் முதல்ல கண்ணில பட்டாலும் அதை எடுத்துக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வீட்லதான் எதையும் தூக்கிப் போட விடமாட்டீங்க, இங்கயுமா?"

மாமியார் பழைய ஃபைலை அந்த ஃபோல்டரை விட்டே வெளியேற்றி, மென்பொருளை மறுபடி கிளப்பினார். மூன்று நிமிஷம் மூச்சையே விடவில்லை. நர்ஸுகளின் குறிப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து உட்கார்ந்தன. மணி பத்து ஐம்பது.

மேனேஜர் ஓடி வந்தார். "அப்பாடா! என்னதான் ஆச்சு?"

"மெஷின்ல ஏதோ சின்னக் கோளாறு சார்," என்றாள் மருமகள் சட்டென்று, மாமியார் பக்கம் திரும்பாமலே.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண் தன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள்! கோளாறுகளைப் பதிவுசெய்யும் பக்கத்தைத் திறந்தார். மருத்துவமனை முழுக்கப் படிக்கும் பக்கம் அது. காரணம் என்ற இடத்தில், 'பழைய டிரைவரை நீக்காமல் விட்டது நான்' என்று தட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், 'என் மருமகள்'.

மேனேஜர் நெளிந்தார். "மேடம், அங்க பதவியைப் போட்டாப் போதுமே?"

"பதவி எல்லாருக்கும்தான் இருக்கு சார். இப்படி ஒரு மருமக எனக்குத்தான் இருக்கா."