முனையில்லாத நட்சத்திரம்

ஸ்தமேனாவின் விடுதிப் புகைக்கூண்டில் ஒரு நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உள்ளே பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது. ஒரு பாலாடைக்கட்டி உருண்டை அளவு இருந்தது. வெளிர்மஞ்சள் நிறம், தொட்டால் இளஞ்சூடு. அந்த வருஷம் கமென்ஸ்கோ ஊரில் தக்காளி அமோக விளைச்சல் என்பதால், பறித்து முடித்து ஊரார் பார்க்க வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு நட்சத்திரம் உண்டு, அது இறங்கினால் ஆளும் கிளம்பவேண்டும் என்பது எங்கள் பல்கேரியாவில் எல்லோரும் அறிந்த விஷயம். எனவே முதலில் வீடுவீடாகப் போய் யார் செத்தது என்று விசாரித்தார்கள். யாரும் சாகவில்லை. ஊரிலேயே மூத்தவரான கென்ச்சோ மட்டும், நட்சத்திரத்தை வீணாக்கக் கூடாதே என்று, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் நீட்டிப் படுத்தார். இரண்டு நாள் ஒன்றும் நடக்காமல் போகவே பசியெடுத்து எழுந்து, ஸ்தமேனாவிடமே வந்து சூப் குடித்துவிட்டுப் போனார்.

ஸ்தமேனாவுக்கு அது யாருடைய நட்சத்திரம் என்பதில் சந்தேகமே இல்லை. தரச்சான்றாக ஒரு நட்சத்திரமாவது வாங்காத விடுதிகளை இழுத்து மூடவேண்டும் என்று அந்த வருஷம்தான் அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. இஸ்தான்புல் சாலையில் லாரிக்காரர்களுக்காக அவள் தன் கையால் சிமென்ட் குழைத்துக் கட்டிய விடுதி அது. மூடினால், பாதி ஊர்ப் பெண்களைப்போல அவளும் கிரேக்க நாட்டுக்குப் போய் அடுத்தவர் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கவேண்டும். மனுப் போட்டிருந்தாள். பதில் கூரைமேல் வந்துவிட்டது. தலையில் புதுத்துணி கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். போகிற வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்ப்பதை அவள் நேராகப் பார்த்தாள்.

ஆனால் ஊருக்கு ஒரு குறை. நட்சத்திரத்துக்கு முனையே இல்லை. பாதிரியார் மெத்தோதி, குழந்தை யேசு பிறந்த படத்தில் இருப்பதுபோல எட்டு முனை வேண்டும் என்றார். கம்யூனிஸ்ட் கட்சி இருந்த காலத்தில் அதன் செயலாளராக இருந்த வெல்கோ, உலகத்தில் நட்சத்திரம் என்றால் ஐந்து முனைதான் என்றார். பந்தாட்டக்காரப் பையன்களும் அவர் பக்கம், சட்டையில் அப்படித்தான் தைத்திருந்தது. யாரோ பெரிய பாடகி வரப்போகிறாள், அதற்கு முன்னறிவிப்பு இது என்று முடிதிருத்தும் கடைப் பெண்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தும் இஸ்க்ரா மட்டும்தான் நட்சத்திரத்தின் கட்சி.

"மேல இருக்கிறதெல்லாம் உருண்டைதாங்க. முனை நம்ம கண்ணுக்குள்ள இருக்கு."

"ஓஹோ! உன் கண்ணுல எத்தனை முனை டீச்சரம்மா?" என்றார் வெல்கோ.

"கண்ணாடி போட்டா ஒண்ணுமில்ல. நீங்களும் ஒண்ணு வாங்கிப் போடுங்க, அப்பவாவது தெரியுதான்னு பாப்போம்."

அடுத்த வாரம் அதிகாரி அப்போஸ்தோலோவ் வந்தார். கட்டில்களை அமுக்கிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், சூப்பை இரண்டு தரம் ருசி பார்த்தார். பிறகு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். ஆள் ஆச்சரியப்படவில்லை, இதைவிட மோசமான கூரைகளை அவர் பார்த்திருக்கிறார்.

"நட்சத்திரம்னா அஞ்சு முனை இருக்கணும்மா. சட்டத்துல படமே போட்டிருக்கு."

"சூரியனும் நட்சத்திரம்தானாம், டீச்சர் சொல்றா. அதுக்கு எங்க இருக்கு முனை?"

"சூரியன் எங்க ஆபீசுக்கு மனுப் போடலையேம்மா."

இருந்தாலும் மனிதர் நல்லவர். ஐந்து முனையை எப்படியாவது ஒட்டிவிட்டால் இப்போதே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஊரே குதித்தது. நகராட்சிக் கூரையிலிருந்து இறக்கிய பழைய சிவப்பு நட்சத்திரம் வெல்கோவின் கோழிக்கூண்டில் கிடந்தது. அதன் தகர முனைகளைக் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்தார். பாதிரியார்கூட ஐந்துக்கு இறங்கிவந்தார்.

ஸ்தமேனா தகரங்களை இடுப்புத்துணியில் முடிந்துகொண்டு ஏணியில் ஏறினாள். முதல் தகரத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நட்சத்திரம், நாவிதரின் கத்தரிக்கோலைக் கண்ட குழந்தைபோல ஒடுங்கியது. இரண்டாவதற்கு முட்டை அளவு ஆனது, வெளிச்சமும் மங்கியது. மூன்றாவதை அவள் முடிச்சிலிருந்து எடுக்கவில்லை. கீழே அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"என்னக்கா, ஆணி வேணுமா?" என்று வெல்கோ கத்தினார்.

"ஒண்ணும் வேணாம். இத்தனை வீட்டை விட்டுட்டு என் வீட்டைத் தேடி வந்திருக்கு. வந்தவங்களை மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு சொல்ற வழக்கம் இங்க கிடையாது."

தகரம் ஐந்தும் முற்றத்துக் கோழிகளுக்கு நடுவே வந்து விழுந்தன. நட்சத்திரம் மறுபடி பாலாடைக்கட்டி அளவுக்கு வந்தது, ஒரு சுற்று கூடுதலாகவே. அப்போஸ்தோலோவ் பேனாவை மூடினார், முன்கதவில் அரக்குமுத்திரை வைத்தார், பயணிகள் யாரையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்ற தாளை ஒட்டினார், சூப்புக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஒரு துருக்கி லாரிக்காரன் வழக்கம்போல வந்து நின்று, முத்திரையைப் பார்த்து முகம் தொங்கிப் போனான். ஸ்தமேனா தாளைத் திரும்பப் படித்தாள். பயணிகள் என்றுதான் போட்டிருந்தது.

"உனக்கு நான் யாருடா?"

"தெரியலையேக்கா."

"அத்தை. பின்வாசல் வழியா வா. கை கழுவிட்டு உக்காரு."

ஊரே கிறிஸ்துவ ஊர், அவனோ முகமது மகன். இருந்தாலும் மூக்கு அப்படியே ஸ்தமேனா வீட்டு மூக்கு என்று கென்ச்சோ சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு அவளுக்கு மருமகன்கள் பெருகினார்கள். செர்பியர்கள், ருமேனியர்கள், உக்ரேனியர்கள், அத்தை என்ற ஒரு சொல்லைத் தவிர பல்கேரிய மொழியே தெரியாத இரண்டு நார்வேக்காரர்கள். அத்தைக்கு என்று அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனதில் மாடியில் இன்னும் மூன்று அறை எழும்பியது. விருந்தாளிகளின் ஈரக் காலுறையைப் புகைக்கூண்டில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போட்டால், ரொட்டி வேகும் நேரத்தில் காய்ந்துவிடும். கிரேக்க நாட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்த பெண்களில் நாலு பேர் திரும்பி வந்து அவளிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

வருஷங்கள் கழித்து ஒரு மழைநாள் மத்தியானம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர், கார் நின்றுபோய், சொட்டச் சொட்ட நனைந்து பின்வாசலில் வந்து நின்றார். கதவில் முத்திரை வைத்த அதிகாரி என்று ஸ்தமேனா பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். ஆனாலும் கரண்டியைக் கையில் பிடித்தபடி, வழியை மறித்து, அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தொப்பியைக் கழற்றினார், அண்ணாந்து கூரையை ஒரு தரம் பார்த்தார்.

"அத்தை," என்றார்.

"வா மருமகனே," என்றாள் ஸ்தமேனா, தலையை நிமிர்த்தி. "காலுறையைக் கழட்டிக் குடு."