குப்பனூர் வழியாக வந்த வண்டி

1

அவள் பெயர் பவித்ரா. ஏற்காட்டுக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவள். அளவெடுக்கும்போது பேசமாட்டாள். தைத்த ரவிக்கையின் உள்தையல் தனக்குப் பிடிக்காவிட்டால், வாங்க வந்தவர் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அவள் கணவன் சந்திரசேகர், சேலத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டுபவன். அவன் போனை எடுக்கத் தாமதித்தால், எடுக்கும்வரை விடாமல் கூப்பிடுவாள்.

இக்கதை அவள் வாயிலிருந்தே எனக்குக் கிடைத்தது. எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்குங்க டீச்சர். ஆனா என்னைய நொம்ப நல்லவளாக்கி வெச்சிராதீங்க. எங்கத்தை படிச்சுட்டு, யாரு இந்தப் புள்ளைன்னு கேக்கும்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பொல்லாத மனைவியிடம் அகப்பட்டுக்கொண்ட ஓர் அப்பாவிக் கணவன்—'

நிறுத்திவிட்டேன். அவளைக் குற்றவாளியாக்கினால் கதை எளிதாகிவிடும்; உண்மையாகாது. பிறகு எழுதினேன்: 'மனத்துயரைப் புன்னகையோடு சுமந்த அந்தப் பொறுமைசாலி—'

இதுவும் பொய். பவித்ரா பொறுமைசாலியல்லள். புன்னகையையும் தாராளமாகச் செலவழிப்பவள் அல்லள்.

ஆகவே, நடந்ததை நடந்தவாறே சொல்கிறேன்.

3

ஐப்பசி மழை. காலையில் ஏதோ ஒரு சிறு பேச்சு வளர்ந்து, "போனா போனபடியே இருங்க, வராதீங்க" என்று சொல்லி அவனை அனுப்பினாள். மாலையில் வண்டி வரவில்லை. சேலம் மலைப்பாதையில் பாறை சரிந்திருந்தது. மேலேறும் வண்டிகளையெல்லாம் குப்பனூர்ப் பாதைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அப்பக்கம் பல இடங்களில் போன் எடுக்காது. மழைநாளில் வண்டி தாமதித்தால், 'குப்பனூர் சுற்றி வருகிறான்' என்று சொல்லிவிட்டு ஏற்காட்டில் எல்லோரும் தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். பவித்ராவுக்கும் இது தெரியும். தெரிந்திருந்தது அன்று அவளுக்கு உதவவில்லை.

சேலம் சாலை ஊருக்குள் நுழையுமிடத்தில் குடையின்றி நின்றாள். அடைத்த சாலையில் வண்டி எப்படி வரும்? ஆனால் அந்த வெறுஞ்சாலையே அவளுக்குச் சான்றாகிவிட்டது: போய்விட்டான்.

டீக்கடை ஸ்தனிஸ்லாஸ் கூவினார். "ஏம்மா, ரோடு அடைச்சிருக்குது. அந்தப் பக்கம் சுத்தித்தான் வரோணும். உள்ள வந்து ஒரு டீ குடி."

"நீங்களும் அவருக்குச் சப்போர்ட்டுங்களா?"

"எனக்கு டீ வித்தாப் போதும் தாயி."

வீட்டுக்குப் போனவள், தலைச்சோலையிலிருக்கும் மாமியார் கண்ணாயிக்குப் போன் செய்து, "உங்க மவன் ஒருத்தியக் கூட்டிக்கிட்டு ஓடிட்டாரு" என்றாள். அவனுடைய துணிகளைக் காப்பிக்கொட்டைச் சாக்கில் திணித்து மழையில் எறிந்தாள். சற்றைக்கெல்லாம் வண்டி வந்தது. சந்திரசேகர் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன புள்ள, வெளுக்கப் போட்டுட்டயா?"

கத்தினாள். கத்தி முடித்ததும் அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். "என்னைய உட்டுட்டுப் போயிராதீங்க."

அதற்குள் கண்ணாயி வழியாகச் செய்தி உறவெல்லாம் பரவி, வண்டி முதலாளியின் காதுவரை எட்டிவிட்டது. மறுநாள் சந்திரசேகர் கேலி பேசவில்லை.

"அடுத்த மாசம் சேலத்துல ரூம் பாத்துக்கலாம்னு இருக்கறேன். கோவத்துல சொல்லலை புள்ள. தெம்பு இல்ல."

4

(கதையைச் சற்று நிறுத்துகிறேன். இதை விளக்காமல் மேலே போவது அவளுக்கு நான் செய்யும் அநீதியாகும்.)

சேலத்து மருத்துவர் ஒருவர் இதற்கு முன்பே ஒரு பெயர் சொல்லியிருந்தார்: எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. கைவிடப்பட்டுவிடுவோம் என்னும் அச்சம் உடம்பு முழுதும் பற்றிக்கொள்ளும். அவ்வேளையில் அன்புக்குரியவர் முழு நல்லவராகவோ முழுக் கெட்டவராகவோதான் தோன்றுவார்; நடுவிலிருக்கும் மனிதர் மறைந்துபோவார். அது அடங்கியபின் எஞ்சுவது வெட்கம். இது திமிரன்று, நடிப்புமன்று. ஆயினும் அருகிலிருப்பவர் படும் காயம் மெய்யான காயமே. நீண்டகாலப் பேச்சுச் சிகிச்சையால் இது தணியக்கூடும்.

('அவள் மனம் ஏற்காட்டு மூடுபனிபோல—' என்றொரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். மூடுபனி எவர் துணியையும் சாக்கில் கட்டி எறிவதில்லை.)

அந்த நாளுக்குப்பின் அவள் ஒரு வாரமும் தவறாமல் சேலத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறாள். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே இறங்குகிறாள். போய் உட்கார்ந்து, தான் செய்ததைத் தானே சொல்கிறாள். முன்பெல்லாம் வெட்கம் வந்தால், "நான் எதுக்குமே லாயக்கில்லீங்க" என்று அழுது, காயம்பட்டவனையே ஆறுதல் சொல்லவைப்பாள். இப்போது அந்த வாக்கியம் தொண்டைவரை வந்தாலும் விழுங்கிவிடுகிறாள். படைத்தலைவர்களின் வீரத்தை வகுப்பறையில் பல்லாண்டு புகழ்ந்தவள் நான். இந்த விழுங்கலை அதற்குக் குறைந்ததாக நினைக்க என்னால் இயலவில்லை.

5

முடிவுகள்.

முதலாவது: சந்திரசேகர் சேலத்துக்குப் போய்விடுகிறான். பவித்ரா தையல் எந்திரத்தின்மேல் தலைசாய்த்து—

இரண்டாவது: அவன் மனமிரங்கிப் பையைக் கீழே வைக்கிறான். இருவரும் ஏரியில் படகேறி—

இரண்டையும் கடையில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ரெண்டுலயும் அவருதான் ஏதோ செய்யறாருங்க டீச்சர். நான் சும்மாதான உக்காந்திருக்கறேன்?"

சரியான திருத்தம். எனவே, அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததாகப் பின்னர் அவள் சொன்னதோடு நிறுத்துகிறேன்.

சந்திரசேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் இரண்டாவது முறை சோறு போட்டுவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"நாளைக்குத் தலைச்சோலைக்குப் போறனுங்க. உங்களைப் பத்தி நான் சொன்னதுல ஒண்ணும் நெசமில்லைன்னு அத்தைகிட்டச் சொல்லோணும்."

அவன் கை தட்டில் நின்றது. "நானும் வரட்டுமா?"

"வேண்டாங்க. நீங்க பக்கத்துல இருந்தா உங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருப்பேன். சொல்ல வந்தது மறந்துபோகும்."

"எங்கம்மா வாயி தெரியுமில்ல? ஊடே அதிரும்."

"திட்டுனா வாங்கிக்கறேன். மொதலாளிகிட்டயும் நானே சொல்லிப்போடறேன்."

அவன் தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான். பிறகு, "அப்ப அந்த ரூமு…" என்று தொடங்கினான்.

(அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. அவன் தங்கினானா, போனானா என்பதை, வாசகரே, நீங்கள் விரும்பியவாறு வைத்துக்கொள்ளலாம். பவித்ரா அதைத் தெரிந்துகொள்ளாமலேயே எழுந்து தட்டை எடுத்தாள்.)

"அது உங்க விருப்பமுங்க. நான் அதுக்காகப் போகலை. காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பறேன்."