கடைசியில் வருகிறவன்

உடம்பைச் சுற்றிய கட்டை அவிழ்க்கக் கூடாது, கால்களை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரசப்பன் வாசலில் குந்தி, மகனின் காலுக்குச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த கால், கணுக்காலுக்குக் கீழே கோடு கிழித்தாற்போல வெளுத்திருந்தது. சாக்ஸ் போட்ட இடம். கொல்லையில் பாடுபடுகிறவன் வீட்டில் இப்படி ஒரு காலை யாரும் பார்த்ததில்லை. அந்த வெள்ளையைக் கட்டைவிரலால் தேய்த்தார். அழுக்கென்றால் போயிருக்கும்.

வெற்றிவேலுக்கு இருபத்தெட்டு வயசு. திண்டிவனத்தில் டிராக்டர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிள். திண்டிவனத்திலிருந்து பத்துப் பேர் கூட்டமாக வருவார்கள். பெருமுக்கல் கூட்டுரோட்டில் இவனும் சேர்ந்துகொள்வான். மரக்காணம் வரை மிதித்துப் போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். போன காரியமும் கிடையாது, வந்த காரியமும் கிடையாது. கூட்டம் சேர்க்கிறவனை அரசப்பன் என்றைக்கும் நம்பியதில்லை, அது கட்சியானாலும் சரி, சீட்டுக் கம்பெனியானாலும் சரி.

"கூலி குடுத்து மிதிக்கச் சொன்னா மிதிப்பானுங்களாடா?" என்பார்.

"எங்க கும்பல்ல சட்டம் இருக்குது நைனா," என்பான் மகன். "புதுசா வர்றவங்க நடுவுல. முன்னால போறவன் பள்ளத்தப் பாத்தா கையக் காட்டணும், அதப் பாத்து அடுத்தவன் தனக்குப் பின்னாடி காட்டணும். கடைசி ஆளு யாரயும் தாண்டக் கூடாது. அவன் வண்டில சிவப்பு லைட்டு மினுக்கிக்கினே இருக்கணும். மொத்தக் கும்பலுக்கும் அதான் காவல்."

கடைசி ஆள் எப்போதும் அவன்தான்.

இன்றைக்கு விடியற்காலை, வெளுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மீன் ஏற்றப் போன வண்டி ஒன்று பின்னாலிருந்து அவனை அடித்துப்போட்டது. மற்ற பத்துப் பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

அந்தப் பத்துப் பேரும் மூன்று மணிக்கு வந்தார்கள். தெருமுனையிலேயே இறங்கி, ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ஷாலினி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கும்பலை நடத்துகிறவள். மாலையும் கையுமாக வந்தவளைத் தீனதயாளன் மறித்தார். அரசப்பன் பெண்டாட்டி கொளஞ்சியின் தம்பி, செத்தவனுக்குத் தாய்மாமன்.

"நில்லும்மா. சட்டம் சட்டம்னு பேசுவீங்களாமே. பையன் வண்டில பின்னாடி லைட்டே இல்லயாம், ஸ்டேஷன்ல சொல்றாங்கோ. லைட்டு இல்லாதவன எப்பிடி கடைசில வுட்ட?"

கொளஞ்சி தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். "பத்து பேரும் முழுசா வந்து நிக்கறீங்களேடி. எம்புள்ளய மட்டும் எங்க வுட்டுட்டு வந்தீங்க?"

ஷாலினி நிமிர்ந்து ஒரே ஒரு தடவை அரசப்பனைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"என் தப்புதாங்க. நான் நிறுத்தியிருக்கணும்."

அரசப்பன் கையிலிருந்த சொம்பு சாய்ந்து, தண்ணீர் முழுக்க வேட்டியில் கொட்டியது.

மூன்று ராத்திரி காவல் இருந்தும் மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிக் கடலையைத் தின்றிருந்தது. மினுக்குகிற விளக்கைக் கண்டால் அண்டாது என்று பக்கத்துக் கொல்லைக்காரன் சொன்னான். நேற்றுச் சாயங்காலம் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளிலிருந்து சிவப்பு விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போய், கொம்பு நட்டுக் கட்டினார். மகனிடம் கேட்கவில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்றிருந்தார்.

ஷாலினி குழாயடிக்கு ஒதுங்கியபோது பின்னாலேயே போனார்.

"இன்னா சொன்னான்?"

"யாருங்க ஐயா?"

"எங்கிட்ட நடிக்காத. லைட்டப் பத்தி இன்னா சொன்னான்?"

அவள் திறந்த குழாயை மூடினாள். "நைனா பன்னிக்குக் கட்டிக்கினாரு டீச்சர், மூணு நாளா தூங்கல, இன்னிக்காவது தூங்கட்டும்னு சிரிச்சான். நடுவுல வாடான்னேன். பத்து நிமிசத்துல விடிஞ்சிடும் டீச்சர்னான். வுட்டுட்டேன்."

"அத ஏன் அங்க சொல்லல?"

அவள் குழாயை இன்னும் இறுக்கித் திருகினாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணம் ஆகாத பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன், வைத்தது இவர். "திரும்பிப் பாக்காம போங்க," என்றார்கள் சுடுகாட்டில். திரும்பவில்லை. பம்புசெட்டில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வரப்பில் நடந்தார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பொழுது சாய்ந்திருந்தது. எதிரே கொம்பில் அது மினுக்கிக்கொண்டே இருந்தது.

கொல்லையில் இறங்கினார். பாத்தியெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு செடி சாயவில்லை. பன்றி வரவே இல்லை.

கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். பொத்தானை அமுக்கினார், வேகமாக மினுக்கியது. இன்னொரு தடவை அமுக்கினார்; மெதுவாக மினுக்கியது. அணைக்கிற வழி அவருக்குத் தெரியவில்லை. மடியில் சொருகி, அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் மேசை போட்டிருந்தது. அதன்மேல் தாளும் மைப்பெட்டியும். சைக்கிள்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள், அவர்களைப் போகவிடவில்லை.

"உக்காரு மாமா," என்றார் தீனதயாளன். "எல்லாம் எழுதிட்டேன். லைட்டு இல்லன்னு தெரிஞ்சும் இட்டுக்கினு போனது அந்தப் பொண்ணு. அவளே ஒத்துக்கினா, ஊரே சாட்சி. ஒரு கைநாட்டு வெய்யி, ஜல்தியா ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துடலாம்."

"உள்ள போனாத்தான் புத்தி வரும். டீச்சர் வேலயும் அவ்ளோதான்," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"வெய்யி," என்றாள் கொளஞ்சி. "எம்புள்ளக்கி இதுவாவது செய்யி."

ஷாலினி நிமிரவில்லை. வாய் திறக்கிற மாதிரியும் தெரியவில்லை. இப்படியே விட்டால் அவள் கடைசிவரைக்கும் சொல்ல மாட்டாள். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

தீனதயாளன் அவருடைய இடது கையைப் பிடித்து, கட்டைவிரலில் மையை ஒற்றினார். அரசப்பன் கையை இழுத்துக்கொண்டார். வலது கையால் துண்டை விலக்கினார். மடியை அவிழ்த்து, அதை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

கொளஞ்சி ஓரடி பின்னால் போனாள்.

"இது எங்க இருந்துச்சு மாமா?"

"கொல்லைல."

படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிகள் சிவந்தன. மறைந்தன. மறுபடி சிவந்தன.