பாலத்துக்கு முன் நிறுத்தப்பட்ட படம்

நியெண்டோ ஊரில் நலோங்கோ நக்கித்தோ படம் காட்டி நடத்தும் மதுக்கடையில், திரையில் மழை பெய்தால் முதல் வரிசை நனையும். அதனால் அந்த வரிசைக்குக் கட்டணம் பாதி. மழையில்லாத படத்துக்கும் பாதிதானா என்று பின்வரிசைக்காரர்கள் வழக்காடிப் பார்த்தார்கள். மழை வருமா வராதா என்பது படத்தின் இஷ்டம் என்று நலோங்கோ சொல்லிவிட்டாள். பேச்சு அதோடு நின்றது.

இரட்டைப்பிள்ளை பெற்றவளை நலோங்கோ என்றும், அவள் புருஷனைச் சலோங்கோ என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அவளுடைய சலோங்கோ, லுபோவா, அன்னாசி ஏற்றிய லாரியோடு எல்லை தாண்டி ஜூபாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் படஞ்சொல்லி செபுன்யா அந்தத் தவறைச் செய்தான். அந்நியப் படம் ஓட ஓட ஒலிவாங்கியைப் பிடித்து அதை எங்கள் லுகாண்டா மொழியில் சொல்வது அவன் தொழில். வாயில் நுழையாத பெயர்களோடு மாரடிக்காமல், திரையில் வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்களின் பெயரைச் சூட்டிவிடுவது எல்லாப் படஞ்சொல்லிகளுக்கும் வழக்கம். திருடன் வந்தால் கறிக்கடைக்காரர் பெயர்தான். அன்று ஒரு சீனப் படத்தில் லாரி ஓட்டி வந்தவனைப் பார்த்து, "பாருங்கப்பா, நம்ம சலோங்கோ லுபோவா வண்டி வருது!" என்றான். நான்கு நிமிடத்தில் அந்த லாரி பாலத்தோடு வெடித்துச் சிதறும் என்பதை மறந்துவிட்டான்.

பெயர் விழுந்ததும் ஓட்டுநரின் தாடை அகன்றது, இடது புருவத்தில் லுபோவாவின் தழும்பு வந்தது, பின்னால் இருந்த இரும்புக் குழாய்கள் அன்னாசியாயின. அவன் கண்ணாடியை இறக்கி, "யாருப்பா கூப்பிட்டது?" என்றான்.

"ஆறு வருஷமா ஐயாவுக்கு வழி தெரியலையோ?" என்றாள் நலோங்கோ, கையிலிருந்த பீர் புட்டிகளைக் கீழே வைக்காமலே.

"சரக்கு இறங்கல, நலோங்கோ. இறங்கினதும் வந்துடுவேன். பசங்க பள்ளிக்கூடம் போறாங்களா?"

பாலம் தெரிந்ததும் அவள் படத்தை நிறுத்தினாள். அதற்குப் பின் மூன்று வருடம் செவ்வாய்தோறும் அதே படம், பாலம்வரை மட்டும். போன வாரம் விட்ட இடத்திலிருந்து லுபோவா பேச்சைத் தொடர்வான். பிள்ளைகளுக்குப் பல் விழுந்தது, கூரைக்குப் புதுத் தகரம் போட்டது, எல்லாம் நான்கு நான்கு நிமிடங்களாகப் பேசப்பட்டது. படத்தின் முடிவைக் கேட்டு நச்சரித்தவர்களுக்குச் சுட்ட வாழைக்காய் ஒரு தட்டு இலவசமாகக் கிடைத்தது.

பிறகு லுபோவாவின் குலத்தார் வந்தார்கள். ஒன்பது வருடம் வராதவன் செத்தவன்தான் என்றார்கள். கடைசிச் சடங்கை முடித்து அவன் தம்பியை வாரிசாக நிறுத்தினால் வாழைத்தோட்டமும் கடை நிலமும் தம்பிக்கு. மூத்தவர் கிபிரிகே குடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். லுபோவா லாரியிலிருந்தே அவருக்கு வணக்கம் சொன்னான். அவரும் முறைப்படி நலம் விசாரித்துவிட்டு நலோங்கோ பக்கம் திரும்பினார்.

"பாதியில நிறுத்துற படத்துல எவனும்தான் உசுரோட இருப்பான். ஓடவிடும்மா. செத்தான்னா சடங்கு, இல்லன்னா நாங்க எழுந்து போயிடுறோம்."

நியாயமான பேச்சு. நலோங்கோ பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு செபுன்யாவைப் பார்த்தாள். படத்தில் இல்லாததைச் சொல்வதும் படஞ்சொல்லிகளுக்கு வழக்கம்தான். அவன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, பாலத்துல போலீசு நிக்குது. உங்க லைசென்சு காலாவதியாகி வருஷக்கணக்காச்சு. இடது பக்கம் ஒரு மண்ரோடு இருக்கு பாருங்க."

"அடேய், இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன!"

லாரி திரும்பித் திரையின் ஓரத்தைத் தாண்டிப் போனது. ஆளில்லாத பாலம் வெடித்தது.

"பாலத்தைத் தாண்டலியே!" என்றான் கூட வந்திருந்த லுபோவாவின் தம்பி.

"சாகவும் இல்லையேடா," என்ற கிபிரிகே, கோட்டில் விழுந்த சிமெண்ட் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சடங்குப் பேச்சு அன்றோடு முடிந்தது.

இப்போது லுபோவா எந்தப் படத்திலும் வருகிறான். கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால், ராஜாக்களின் குதிரைகளுக்கு நடுவில், ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான், பேச நேரமில்லை. மறுநாள் காலை திரைக்குக் கீழே பத்துப் பதினைந்து அன்னாசி கிடக்கும். நலோங்கோ அவற்றைச் சந்தை விலைக்கே விற்கிறாள். படத்தில் வந்த பழம் என்பதற்காகக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. லாரியில் சரக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்கிறார்கள் முதல் வரிசைக்காரர்கள். மெதுவாகவே இறங்கட்டும், மொத்தமாக இறங்கினால் விலை விழுந்துவிடும் என்கிறாள் அவள். ஆனால் போன சனிக்கிழமை சந்தையில் இரட்டைக் கட்டிலுக்கு ஒரு மெத்தை வாங்கினாள், பேரம் பேசாமல்.