முள்ளெலிக்குப் பார்த்த ஊர்

எங்கள் சந்தில் யாராவது புதிதாக வந்து, வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று அர்த்தம். பெண்ணைப் பற்றித் தகவல் வேண்டும். கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பதினோரு வீடுகள் உள்ள சந்து இது. பத்து வருஷமாக ஒரு வீடும் காலியானதில்லை. ஆனாலும் வருஷத்துக்கு நாலைந்து பேர் வீடு கேட்டு வருவார்கள். வெளுத்த துணி, கையில் குடை, வெயில் தாழ்ந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் என்று நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கிணற்றில் தண்ணீர் எப்படி, பஸ் எவ்வளவு தூரம், அக்கம்பக்கம் எப்படி என்று முறையாகக் கேட்டுவிட்டு, பிறகுதான் எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சுக்கு மெல்ல வருவார்கள். நேராகக் கேட்பது மரியாதை இல்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை ஊருக்குப் போய் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்பது வழக்கம்.

அவர்கள் ஏறுவது பெரும்பாலும் என் வீட்டில்தான். சந்து முனையில் முதல் வீடு. பகலில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் காகிதங்களைத் தபால்காரரும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போவார். இந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கவில்லை. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எதிர்வீடு லிங்கம் அண்ணாச்சியுடையது. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் செண்பகவல்லி, செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்ட். வயது இருபத்தைந்து என்று அண்ணாச்சி சொல்வார். மூன்று வருஷமாக அதையேதான் சொல்கிறார். இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து நழுவிவிட்டன. மூன்றாவது, வித்துராவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் வன்னியராஜ். ஜாதகம் பொருந்திவிட்டது. இதுவும் போனால் இனி யார் வரப்போகிறார்கள் என்று அண்ணாச்சி என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் கோர்ட்டில் குமாஸ்தா. பிறர் கண் கலங்கினால் இவருக்கும் கலங்கும்.

எழுபத்தாறாம் வருஷம் ஓணம் முடிந்த வாரம் முதல் நீலக் காகிதம் வந்தது. சீமை ஸ்டாம்பு. அனுப்பியவர் பெயர் பின்பக்கம் இருந்தது: மிஸ்டர் அட்கின்ஸ். பெறுபவர் மிஸ் செண்பகவல்லி. அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதமும் ஒன்று. டைப்பிஸ்டுக்குச் சீமையில் என்ன வேலை?

நான் யார் காகிதத்தையும் பிரித்தவள் இல்லை. நீலக் காகிதத்தை மூன்றாக மடித்து ஓரத்தில் மட்டும்தான் ஒட்டுவார்கள். இரு பக்கமும் விரலால் அமுக்கினால் குழல்போல விரிந்து உள்ளே நாலு வரி தெரியும். தெரிகிறதைப் பார்ப்பது பிரிப்பது ஆகாது. எனக்கு இங்கிலீஷ் வராததால், கோர்ட்டிலிருந்து வந்த வீட்டுக்காரரை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னேன். இது பாவம் என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் படித்த வரிகள் இவை. கிணற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. ரயில் ஸ்டேஷன் நாலு மைல். மழைக்காலத்தில் ஆறு பாதை வரை ஏறும், வாசல் ஏறாது. அக்கம்பக்கத்தார் முதலில் முறைப்பார்கள், போகப்போகச் சரியாகிவிடுவார்கள். எல்லாம் பார்க்கும்போது இந்த இடமே உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இனிப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர், வழி, வெள்ளம், அக்கம்பக்கம். பெண் கொடுக்கப்போகிற இடத்தைப் பற்றி விசாரிக்கும்போது நாம் கேட்பது இதைத்தானே? வரிசைகூட மாறவில்லை. அண்ணாச்சி வித்துராவில் மாப்பிள்ளை பார்க்கிறார். மகள் தனக்குத் தானே சீமையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உறுதிசெய்யாமல் ஒன்றைச் சொல்வது என் வழக்கம் இல்லை. ஒரு கிண்ணம் பாயசத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். கட்டில் முழுக்கப் பெரிய வரைபடம் விரித்துக் கிடந்தது. சிவப்புப் பென்சிலால் மூன்று வட்டம். உச்சியில் ஒன்று, கீழே பெரிய பட்டணத்தின் மேல் ஒன்று, இடது பக்கம் மலையோரமாக ஒன்று. முதல் இரண்டையும் குறுக்கே அடித்திருந்தாள். மூன்று வரனில் இரண்டைக் கழித்துவிட்டாள் என்று கணக்குப் பண்ணிக்கொண்டேன். என்ன படம் என்று கேட்டதற்கு, சும்மா ஒரு இடம் பார்க்கிறேன் அக்கா என்றாள். ஒளிக்கக்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பொன்முடி பஸ் ஏறினாள். வித்துராவைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கும் என் தம்பி ஆறுமுகநயினாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் கண்டுவந்து சொன்னது: பிள்ளை ஆற்றுப் பாறையில் குடை பிடித்து உட்கார்ந்து எழுதியது. மூடுபனி நாளில் வித்துராவிலிருந்து ஒரு வேன் மேலே ஏற எத்தனை நேரம் ஆகும் என்று இவனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டது. இரண்டு பழம் வாங்கித் தின்றது. யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. யாரையும் பார்க்காமல் ஒரு பெண் அத்தனை தூரம் எதற்குப் போவாள்? சீமைக்குப் போவதற்காக மலைக் குளிரைப் பழகிப் பார்க்கிறாள். வேறென்ன இருக்க முடியும்.

இந்தச் சமயம் பார்த்து ஆவுடைத்தாய் வந்தாள். வித்துரா வாத்தியாரின் அத்தை. அவர் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வெளுத்த சேலை, கையில் குடை. வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தாள். கிணறு, பஸ், அக்கம்பக்கம் எல்லாம் முடிந்து காப்பியும் வந்தது. எதிர்வீடு அழகாக இருக்கிறதே என்றாள்.

"அந்தப் பிள்ளை தங்கமாக்கும்," என்றேன். "ஆபீஸ் உண்டு, வீடு உண்டு, லைப்ரரி உண்டு. வேற ஒண்ணுமில்ல. மாசாமாசம் சீமையில இருந்து ஒரு நீலக் காயிதம் வரும். அது என்னமோ, நமக்கென்ன."

"சீமையில ஆரு?"

"ஒரு ஆம்பிளைப் பேரு போட்டிருக்கும். எனக்கு இங்கிலீஷ் அறியாது பாருங்க."

நான் சொன்னது அவ்வளவுதான். ஒரு சொல் பொய் இல்லை. அவள் எழுந்து போனபோது டம்ளரில் பாதி காப்பி அப்படியே இருந்தது.

நாலாம் நாள் அண்ணாச்சியின் கடைக்கு ஆள் வந்தது. வாத்தியாருக்கு இந்த வருஷம் கல்யாண யோகம் இல்லையாம். அண்ணாச்சி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. வாசல் கதவும் பாதிதான் திறந்திருந்தது. நான் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய சங்கடத்திலிருந்து வித்துராக்காரர்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மனசு என்னவோ தேறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செண்பகவல்லி வந்தாள். சண்டைக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். அவள் சண்டை போடவில்லை. நீலக் காகிதங்கள் மூன்றையும் ஒரு கட்டுத் தாளையும் என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, காயிதத்து ஓரம் கசங்கியிருந்ததையும் பார்த்தேன், வித்துரா அத்தை உங்க படி இறங்கினதையும் பார்த்தேன். நீங்க பாதிதான் படிச்சிருக்கிய. அண்ணனை வச்சு மீதியும் படிச்சிட்டுப் பேசியிருக்கலாம்."

என் வீட்டுக்காரர் புழக்கடைப் பக்கம் நழுவப் பார்த்தார். பிடித்து உட்கார வைத்தேன். முழுசாகப் படித்தார். மிஸ்டர் அட்கின்ஸுக்கு எழுபத்தினாலு வயசு. ரயில்வேயில் கைகாட்டி இறக்கி ஏற்றி ரிட்டயர் ஆனவர். மனைவி நலம், மூட்டுவலி மட்டும் உண்டு. மீதிக் காகிதம் முழுக்க முள்ளெலியும் நரியும் ஆந்தையும்தான். லைப்ரரிக்கு வரும் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில், அடிபட்ட முள்ளெலியைத் தான் தேற்றிய விதத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தாராம். அதைப் பார்த்து இவள் அவருக்கு எழுதியிருக்கிறாள்.

எதற்கு? செண்பகவல்லி ஒரு தொடர்கதை எழுதுகிறாள். அடிபட்ட காட்டு உயிர்களை எடுத்துவந்து, ஆற்றி, திரும்பவும் காட்டில் விடுகிற ஒரு இடத்தைப் பற்றி. அந்த இடம் எங்குமே கிடையாது, அவள் மனசில் உண்டாக்கியது. முதலில் அதைக் கல்லாற்றில்தான் வைத்தாளாம். மெட்ராஸ் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். நம்மூரில் கீரிப்பிள்ளைக்கு யார் கட்டுப் போடுவார்கள், வாசகர் சிரிப்பார்கள், சீமையில் வைத்து எழுதுங்கள், ஆனால் ஊர் நம்பும்படி இருக்கட்டும் என்றாராம்.

எனக்கு இது இன்னும் பெரிய மர்மமாகப் பட்டது.

"இல்லாத ஆஸ்பத்திரிக்கு எதுக்கு உள்ள ஊரு?"

"இல்லாத ஒண்ணைச் சொல்லும்போ சுத்தி உள்ளது ஒண்ணும் பிசகப்பிடாது அக்கா," என்றாள். ஸ்காட்லாந்து கடற்கரை அழகுதானாம். ஆனால் மிருக டாக்டர் வந்துசேர மூணு மணிக்கூர் ஆகும், அதற்குள் ஜீவன் போய்விடும். லண்டனில் இடத்துக்கு எங்கே போவது. கடைசியில் அட்கின்ஸ் விசாரித்துச் சொன்ன, வேல்ஸ் எல்லையோர மலையில் உள்ள ஒரு சிற்றூர் தேறியது. கீழே சந்தை ஊர், நடுவில் ஆறு, மேலே வளைந்து போகும் ரோடு. அவள் இந்த வட்டாரத்தை விட்டு எங்கும் போனதில்லை என்பதால், சந்தை ஊருக்கு வித்துராவையும் ஆற்றுக்குக் கல்லாற்றையும் மலைக்குப் பொன்முடியையும் வைத்துத் தூரமும் நேரமும் பார்த்திருக்கிறாள். பனியில் வேன் ஏறுகிற பாடு எந்த நாட்டிலும் ஒன்றுதானே என்றாள்.

கட்டுத் தாளை நானே படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. நரியைக் கூண்டில் கொண்டுவந்து இறக்குகிறார்கள், ஊரே பூக்கொத்தோடு வந்து நிற்கிறது. எதிர்வீட்டில் நரி வந்து இறங்கினால் யார் பூ கொண்டு வருவார்கள்? நாற்றம் அடிக்கிறது என்று நானே முதலில் பெட்டிஷன் எழுதுவேன் என்று சொன்னேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு முள்ளெலிக்காக இந்தப் பெண் கடல் கடந்து தண்ணீரும் வழியும் அக்கம்பக்கமும் விசாரித்திருக்கிறாள்.

"வித்துராவுல அந்த வீட்டுக் கிணத்துல தண்ணி உண்டா பிள்ளே?"

அவள் நீலக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"தெரியாது அக்கா. ஜாதகம் பொருந்தினதும் அப்பா போய்ப் பார்க்கல. விசாரிச்சா அவங்களுக்குப் பிடிக்காமப் போயிருமோன்னு பயம்."

பழி என் தலையில் நிற்கக் கூடாது என்பதற்காகவே நான் கிளம்பினேன். பரோபகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை வெளுத்த சேலை உடுத்தி, குடை எடுத்துக்கொண்டு, வித்துரா பஸ் ஏறினேன். வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ராகேல் என்ற ஒரு நர்சம்மா திறந்தாள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னையும் குடையையும் பார்த்துவிட்டு, இல்லை, உள்ளே வந்து இருங்க என்று டீ போடப் போனாள். நல்ல வளர்ப்பு.

ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்து நேராக ஆவுடைத்தாயிடமே போனேன். சீமைக் காகிதம் கிழவருடையது, எல்லாம் கதைக்காக என்று விளக்கினேன்.

"கதை எழுதுதாளா?" என்றாள். "அதுக்கு அந்தக் கெழவனே தேவல."

பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். காகிதத்தையும் கதையையும் அடியோடு விட்டால் பார்க்கலாம் என்றாள். வராந்தாவில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த வாத்தியாரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்டது. சிவப்பு மசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதினார். கிணறு மாசியில் வற்றும். பிறகு ஆற்றிலிருந்து சுமக்க வேண்டும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஆபீஸுக்கு நேரத்தில் வந்துவிடலாம், உட்கார இடம் கிடைக்காது. அக்கம்பக்கம் நல்லது, ராகேல் நம்பத் தகுந்தவள். அத்தை எழுதுவதை விடச் சொல்கிறாள். வாத்தியார் கெட்டவர் இல்லை, ஆனால் அத்தை பேசும்போது தலை நிமிராது. அட்கின்ஸ் எழுதியதைவிட நான் சொன்னது தெளிவு என்பது என் எண்ணம்.

செண்பகவல்லி இரண்டு முறை படித்தாள். பைக்குள்ளிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"முள்ளெலியைக்கூட இங்க கொண்டு விடமாட்டேன் அக்கா."

அப்பாவிடம் அவளே போய்ச் சொன்னாள். கதவு சாத்தியிருந்ததால் பாதிதான் கேட்டது. மகளிடம் அண்ணாச்சி ஒரு சொல் கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை கடை திறந்தார். என்னோடு மட்டும் மூன்று மாசம் பேசவில்லை. அரிசி வாங்க நான் வேறு கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

கதை சித்திரையில் வர ஆரம்பித்தது. ஊர் நம்பும்படிதான் இருக்கிறது. அதில் எதிர்வீட்டுக்காரி ஒருத்தி வருகிறாள். கூண்டு வேன் எத்தனை தடவை வருகிறது என்று ஜன்னலில் நின்று எண்ணிப் பெட்டிஷன் போடுகிறாள். சீமையிலும் அப்படிப்பட்ட ஜென்மங்கள் உண்டு போலிருக்கிறது.

போன வாரம் வெயில் தாழ்ந்த நேரத்தில் வாசலில் ஒரு குடை. பெயர் விஜயலக்ஷ்மி, நெடுமங்காட்டிலிருந்து வருகிறாள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டாள். இந்தத் தடவை நான் அவளைப் பேச விடவில்லை. உங்கள் வீட்டுக் கிணறு மாசியில் வற்றுமா, பஸ் எத்தனை மணிக்கு, மருமகள் கதை எழுதினால் சம்மதமா, பெரியவர்கள் பேசும்போது பையன் தலை நிமிர்வானா என்று வரிசையாகக் கேட்டேன். செண்பகவல்லி எதிர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் குடையை மடக்கவே மறந்து நின்றாள். தனக்குப் பிள்ளைகளே இல்லை என்றும், கணவருக்குக் கரமனைக்கு மாற்றலாகிவிட்டது என்றும், வீடு கிடைத்தால் போதும் என்றும் சொன்னாள். இரண்டு அறை இருந்தால் தாராளமாம்.

நிஜமாகவே வீடு தேடி ஒருத்தி எங்கள் சந்துக்கு வந்தாள் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. நெடுமங்காட்டில் விசாரிக்கச் சொல்லி ஆறுமுகநயினாருக்குக் காகிதம் போட்டிருக்கிறேன்.